அரை வீசை மாதா

என் அப்பாயியின் மாதா சுரூபம் அரை வீசை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே அதுதான். 1958இல் மெட்ரிக் எடைகள் வந்தன. அடுத்த சில வருடங்களில் சேரும் பலமும் வீசையும் கடைகளை விட்டு இறங்கிவிட்டன. எங்கள் சுரூபத்தின் பெயரில் மட்டும் வீசை தங்கிவிட்டது. 40 பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் 1,400 கிராம். அரை வீசை என்றால் 700 கிராம் இருக்க வேண்டும். இந்த ஜூன் மாதம் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 684 கிராம். குறைந்த 16 கிராமை எடை போட்டவர் அன்றைக்கே விட்டாரா, எழுபது வருடப் புளி தின்றதா என்று சொல்ல முடியாது. புளிதான் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

தராசைத் தேட வைத்தவள் என் மகள். சென்னையில் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். வீட்டுப் பீடத்துக்கு ஒரு பித்தளைச் சுரூபம் வேண்டும், அப்பா கூட இருந்து பார்த்து வாங்கித் தர வேண்டும் என்றாள். அந்தத் தேடல் இரண்டு மாதம் நீண்டது. என் தாத்தா 1951இல் இதே வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பிய கதையை அப்பாயி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் ஒரு கடைக்குள்ளும் நுழைய முடியவில்லை.

1951இல் எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு கிளைப்பங்கு. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை மாட்டு வண்டியில் வருவார். பூசை லத்தீனில் நடக்கும். மற்ற நாட்களில் ஊருக்கு எல்லாமே உபதேசியார்தான். வீட்டுக்கு வீடு திருஇருதய ஆண்டவர் படம் இருந்தது. அச்சுப்படம், கண்ணாடிச் சட்டம். சுரூபம் வைத்திருந்த வீடுகள் நான்கோ ஐந்தோ. அவையும் சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டியவை. அப்பாயி வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் வாங்கி வந்ததும் அப்படி ஒன்றுதான். ஆற்றங்கரை ஈரத்தில் சாந்து இளகும். முதல் மழைக்காலத்தில் விரல் போயிற்று, இரண்டாவதில் கழுத்து விட்டது. மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போட முடியாது. கொல்லையில் வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்று அப்பாயி சாப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் தாத்தா, இனி உடையாததாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்.

கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் அன்று குத்துவிளக்கு இருந்தது, குடம் இருந்தது, பிள்ளையாரும் கிருஷ்ணரும் இருந்தார்கள். மாதா இல்லை. கடைக்காரர் நாச்சியார்கோவில் பக்கம் கையைக் காட்டினார். தாத்தா ஓட்டைச் சொம்பு இரண்டும் உடைந்த விளக்குத் தண்டு ஒன்றும் சாக்கில் கட்டிக்கொண்டு ஒரு பத்தரின் பட்டறைக்குப் போனார். உபதேசியாரின் செபப் புத்தகத்துக்குள் இருந்த ஒரு சின்னப் படம் அவர் சட்டைப்பையில் இருந்தது. பிரான்சில் அச்சான லூர்து மாதா படம்.

பத்தர் மாதாவைச் சுரூபமாகச் செய்ததில்லை. படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டாராம். "இந்த அம்மா யாரைப் பாக்குறாங்க? கையிலே தொங்குறது என்ன? வீட்டிலே கும்புடுறவங்க நின்னு பாப்பீங்களா, உக்காந்து பாப்பீங்களா?" முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் தாத்தா தெரிந்ததைச் சொன்னார். மூன்றாவதற்கு, "முட்டி போட்டு" என்றார். பத்தர் எழுந்து, அவரை அங்கேயே முட்டி போடச் சொல்லி, தரையிலிருந்து கண்ணுக்கு எவ்வளவு உயரம் என்று ஓலையில் அளந்துகொண்டார்.

இந்த மூன்றாவது கேள்வியின் அருமை எனக்கு இந்த ஜூன் மாதம்தான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை மெழுகு வார்ப்பு. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து, எண்ணெய் விட்டு இளக்கி, அந்த மெழுகில் முதலில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் மிக மெல்லிய வண்டல் மண் ஒரு பூச்சு. விரல் ரேகை கூடப் பதிகிற அளவு மெல்லியது. நிழலில் காய்ந்தபின் அடுத்த பூச்சு, பிறகு கனத்த மண், கம்பிக் கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். ஆகவே ஒரு கருவில் ஒரே ஒரு சுரூபம்தான். உலோகம் சரியாக ஓடவில்லை என்றால் மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு அரமும் உளியும் கொண்டு நகாசு வேலை. தாத்தா மூன்று முறை நடந்தார். கையில் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று.

கிடைத்தது லூர்து மாதாதான், ஆனால் கொள்ளிடக் கரைக்கு வந்துவிட்ட லூர்து மாதா. உயரம் ஐந்தரை அங்குலம். கைகள் கூப்பியிருக்கின்றன, வலக்கையில் செபமாலை. படத்தில் இடுப்பிலிருந்து தொங்கும் நீலக் கச்சு, பத்தர் கையில் புடவைக் கொசுவமாகிவிட்டது. லூர்து மாதாவின் இரு பாதங்களிலும் ஒவ்வொரு ரோஜாப்பூ உண்டு. அச்சில் அது சின்னப் புள்ளியாகத் தெரிந்திருக்க வேண்டும். பத்தர் அதை மெட்டி என்று எடுத்துக்கொண்டார். அப்பாயியின் மாதா காலில் மெட்டி போட்டிருக்கிறாள். முகம் வட்டம், கன்னம் சற்று மேடு. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அந்த உருவம் யாருடையதோ அவரையே சேரும் என்று 787ஆம் வருடம் நிசேயாவில் கூடிய சங்கம் தீர்மானித்தது. உபதேசியார் அந்தச் சங்கத்தைப் படித்திருந்தாரோ இல்லையோ, மெட்டியைப் பார்த்துவிட்டு, "சூசையப்பர் வீட்டுக்காரி தானே, இருக்கட்டும்" என்று சொன்னாராம்.

சாமியார் வரும் நாள் வரை மந்திரிக்காத சுரூபத்தைத் துணியில் சுற்றி நெற்குதிருக்குள் வைத்திருந்தார்கள். பதினெட்டு நாள். அப்பாயி அந்தப் பதினெட்டு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை.

இனி இந்த வருடம். மகள் தன் கைப்பேசியில் ஒரு மாலையில் எனக்குக் காட்டிய மாதா சுரூபங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். வேளாங்கண்ணி, லூர்து, பாத்திமா, குழந்தையை ஏந்தியவள், கைவிரித்து நிற்பவள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கலாம், பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பியும் அனுப்பலாம். மூன்றே நாளில் வீடு வந்து சேரும். அப்பாயிக்கு வாழ்நாளில் ஒரு முகம்தான் கிடைத்தது, அதுவும் எந்த முகம் என்று தெரியாமலே காத்திருந்தாள். செய்யும் ஆளை அன்று தெரியும், வரப்போகும் முகத்தைத் தெரியாது. இன்று முகம் முன்கூட்டியே தெரிகிறது. செய்த ஆள்தான் தெரியவில்லை.

புனிதர்களின் எண்ணிக்கையும் வளர்ந்திருக்கிறது. மருமகன் குமரி மாவட்டத்துக்காரர். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்த தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர். என் தாத்தா காலத்தில் அவர் கோட்டாற்றுக் கல்லறைக்கு வருவோரின் நினைவில் இருந்தார், சுரூபமாகப் பீடத்தில் இல்லை. இன்று விலங்கிட்ட கைகளோடு பித்தளையில் நிற்கிறார். தன் மண்ணில் பிறந்து, குடும்பம் நடத்திய ஒருவரை வீட்டுப் பீடத்தில் வைக்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

வண்ணச் சுரூபம் வாங்குகிறவர் நிறத்தைப் பார்த்து ஆளை அறிகிறார். பித்தளையில் அந்த வசதி இல்லை. எல்லாரும் ஒரே மஞ்சள். கைகளைத்தான் பார்க்க வேண்டும். கூப்பிய கையும் செபமாலையும் என்றால் லூர்து. இரு கையும் கீழ்நோக்கி விரிந்து, உருண்டை மேல் நின்றால் 1830இல் பாரிஸ் காட்சியிலிருந்து வந்த அற்புதப் பதக்க மாதா. குழந்தையும் தாயும் முடி சூடி, புடவை மணிபோல் கீழே விரிந்திருந்தால் வேளாங்கண்ணி. அந்தோணியாரும் சூசையப்பரும்தான் பலரைக் குழப்புவார்கள். இருவர் கையிலும் குழந்தை, இருவருக்கும் லீலி மலர். தாடி இருந்தால் சூசையப்பர்; இடுப்புக் கயிற்றில் மூன்று முடிச்சு இருந்தால் அந்தோணியார். நல்ல வார்ப்பில் அந்த மூன்று முடிச்சையும் எண்ணலாம். எண்ண முடியாவிட்டால் அந்தச் சுரூபத்தை வாங்க வேண்டாம் என்பேன்.

முதலில் இணையத்தில் வரவழைத்தது ஏமாற்றிவிட்டது. பித்தளை என்று போட்டிருந்தார்கள். கையில் எடுத்ததும் கனம் போதவில்லை. காந்தம் ஒட்டவில்லை, ஆனால் அதை நம்ப முடியாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிச் சுரூபத்தை முழுதும் மூழ்கவைத்தேன். 412 கிராம் சுரூபம் 62 மில்லி தண்ணீரை உயர்த்தியது. வகுத்தால் ஆறரைக்குச் சற்று மேல். பித்தளை என்றால் எட்டரையை ஒட்டி வர வேண்டும். அடிப்பாகத்தை ஆணியால் கீறியதும் வெள்ளை தெரிந்தது. துத்தநாகக் கலவைக்கு மேல் மஞ்சள் முலாம். அப்பாயியின் மாதாவையும் அதே குவளையில் இறக்கினேன். 684 கிராமுக்கு 81 மில்லி. எட்டரையை ஒட்டி, சரியாக இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. ஓட்டைச் சொம்பும் விளக்குத் தண்டும் பொய் சொல்லவில்லை. அந்தப் போலியைத் திருப்பி அனுப்பினோம், பணம் வந்துவிட்டது. இதுவும் இன்றைய வசதிதான். தாத்தாவுக்கு வார்ப்பு பிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்?

பிறகு கும்பகோணத்துக்கே போனோம். தாத்தாவுக்கு மாதா கிடைக்காத தெருவில் இன்று ஒரு கடையின் ஒரு தட்டு முழுக்க மாதா, இருதய ஆண்டவர், பாடுபட்ட சுரூபம். எங்கே செய்தது என்று கேட்டேன். மொராதாபாத்திலிருந்து லாரியில் வருகிறது என்றார் கடைக்காரர். பித்தளை ஊரான கும்பகோணத்தில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த பித்தளை மாதா. அவை மணல் வார்ப்பு. ஒரு மாதிரியை இரண்டு பாதிப் பெட்டி மணலில் அழுத்தி எடுத்து, பதிந்த பள்ளத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மாதிரி அப்படியே இருக்கும். நூறு வேண்டுமானால் நூறு. இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தோளிலிருந்து பக்கவாட்டில் இறங்கும். அரம் போட்டு அதை மறைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். விலை குறைவதும் இதனால்தான். ஊரில் நான்கைந்து வீட்டில் இருந்த சுரூபம் இன்று கூலிவேலை செய்யும் வீட்டிலும் இருக்கிறது என்றால் அதற்கு அந்த மணல்பெட்டிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரு கருவுக்கு ஒரு சுரூபம் என்றே இருந்திருந்தால் பெரும்பாலான வீடுகளில் இன்னமும் அச்சுப்படம்தான் இருக்கும்.

எவ்வளவு பெரிது என்பதில் மகளுக்கும் எனக்கும் பேச்சு நடந்தது. பித்தளை எடைக்கு விற்பது. உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், கெட்டியாக வார்த்திருந்தால். அவளுக்குப் பிடித்தது ஒன்பது அங்குல மாதா. அப்பாயியினுடையதைப் போல் கெட்டியாக இருந்தால் மூன்று கிலோவைத் தொட வேண்டும், தராசு 2.1 கிலோ காட்டியது. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கூடு. அது குறை இல்லை. பெரிய உருவம் கெட்டியாக இருந்தால் பலகை தாங்காது. கூட்டின் ஓரம் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கிறதா, கழுத்து மெலிந்து போகாமல் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடையில் அழகாக இருந்த மாதா மகள் வீட்டுப் பலகையில் ஏறியதும் வேறு மாதிரி ஆகிவிட்டாள். எங்கள் பழைய வீட்டில் பீடம் என்பது நடுவீட்டுச் சுவரில் ஒரு மாடம், தரையிலிருந்து மூன்றடிக்கும் குறைவு. இரவு ஏழு மணிக்கு எல்லாரும் முட்டி போட்டுச் செபமாலை சொல்லுவோம். மாதாவின் கண்ணும் எங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். வெளிச்சம் கீழேயிருந்து, எண்ணெய் விளக்கிலிருந்து வந்தது. கன்னமும் இமையும் மெல்ல அசைவதுபோல் தோன்றும். மகள் வீட்டில் பலகை ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் நின்றபடி ஒரு நிமிடம் கும்பிடுகிறார்கள். வெளிச்சம் கூரையின் எல்இடி விளக்கிலிருந்து நேரே உச்சியில் விழுகிறது. பளபளக்கும் நெற்றி மட்டும் மின்னி, மூக்கின் நிழல் வாயை மூடிவிட்டது. நேரே பார்க்கும் கண் நம் தலைக்கு மேலே எங்கோ பார்த்தது. நாற்பது படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்த எங்களுக்கு இது தோன்றவில்லை. நின்று பார்ப்பீர்களா, உட்கார்ந்து பார்ப்பீர்களா என்று கேட்க அந்தக் கைப்பேசிக்குள் ஆள் இல்லை.

மகள் ஒரு தச்சரை வரவழைத்துப் பலகையை இறக்கினாள். இப்போது இரண்டே முக்கால் அடி. கீழே ஒரு பாய் போட்டிருக்கிறாள். கூரை விளக்கை அணைத்துவிட்டு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றை ஏற்றுகிறாள். உச்சியில் அன்னத்துக்குப் பதில் சிலுவை வைத்தது. வழிபாட்டில் மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம் என்று ரோமாபுரி இந்தியத் திருச்சபைக்கு அனுமதி தந்தது 1969இல். அதற்குப் பதினெட்டு வருடம் முன்பு தாத்தா போன ஊரிலிருந்து, அவர் கேட்டிருக்கவே மாட்டாத ஒரு விளக்கு அவர் கொள்ளுப்பேத்தி வீட்டுக்கு வந்திருக்கிறது. பூசை இப்போது திருப்பலி. அர்ச்சிஷ்டவர்கள் இப்போது புனிதர்கள். அப்பாயி சொன்ன செபமாலைக்குத் தேவ இரகசியம் பதினைந்து. 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தபின் இருபது. மகள் இருபதையும் சொல்லுவதில்லை. வியாழக்கிழமை ஐந்து சொல்லுகிறாள்.

சுரூபத்தை வாங்கிய அன்று மாலையே பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்துவிட்டார். கோயிலிலிருந்து திரும்பும்போது கடைக்காரர் சொன்னதை நினைவூட்டினேன்: மேலே கண்ணுக்குத் தெரியாத கோட்டிங் இருக்கிறது, கறுக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும், புளி போட்டுவிடாதீர்கள். இது உண்மையான வசதி. அப்பாயி ஒவ்வொரு சனிக்கிழமையும் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்ததில் மாதாவின் மூக்கு மழுங்கிவிட்டது. கூப்பிய விரல்களுக்கு நடுவே இருந்த கோடு அழிந்து இரண்டு கையும் ஒன்றாகிவிட்டன. செபமாலை மணிகளை இப்போது எண்ண முடியாது. மெட்டி மட்டும், கொசுவத்தின் மறைவில் இருப்பதால், பத்தர் விட்டபடியே இருக்கிறது. புது மாதாவின் முகம் இன்னும் நூறு வருடம் இதே கூர்மையோடு இருக்கும்.

செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை மகள் வீட்டில் இருந்தேன். இரண்டு மாதாவும் சமையலறை மேடையில் நின்றார்கள். அரை வீசையையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கொண்டுபோயிருந்தேன். அவள் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்து, புதுச் சுரூபத்தின் அடியில் ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிசுபிசுவென்று கோட்டிங் உரிந்து பஞ்சில் ஒட்டியது.

"எடுத்துட்டா கறுத்துடும், தெரியுமா?"

"தெரியும்பா. கறுத்தா தேய்க்கிறேன்."

முழுதும் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினாள். பிறகு ஊறவைத்த புளியைக் கையில் எடுத்தாள். "எவ்வளவு நேரம் விட்டு வைக்கணும்?"

"விடவே கூடாது. புளிப்பு தங்குனா அங்கங்கே சிவப்பாயிடும். தேய்ச்ச உடனே கழுவிடு."

நெற்றியிலிருந்து தொடங்கினாள். கழுவிய தண்ணீர் கறுத்து ஓடியது. துண்டின் முனையை முறுக்கி, கூப்பிய விரல்களுக்கு நடுவே இருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.